ஐந்தடிப் பாரா, மூன்றடிப் பாரா? கரும்பு மகசூலும் நடவு இடைவெளியும்

6 ஜனவரி 2025 – வாசகர் கேள்வி

திருவாலங்காடு பக்கத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் இருக்கிறது. மணல் கலந்த செம்மண். இதுவரை மூன்றடிப் பாரில் (பயிர் வரிசைகளுக்கு இடையே மூன்றடி) இருபருக் கரணை (இரண்டு பரு, அதாவது மொட்டு, உள்ள கரும்புத் துண்டு) நட்டு ஏக்கருக்கு முப்பத்தைந்து, நாற்பது டன் எடுத்து வருகிறேன். இந்தப் பட்டத்தில் ஐந்தடிப் பார் பிடித்து ஒருபரு நாற்று நட்டால் எழுபது டன் நிச்சயம் என்று நாற்றங்கால்காரர் உறுதி சொல்கிறார். பார் அகலமானால் பயிர் எண்ணிக்கை குறையத்தானே வேண்டும்? குறைந்த பயிரில் மகசூல் எப்படி இரட்டிப்பாகும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்குங்கள்.

7 ஜனவரி 2025, காலை

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஐந்தடிப் பார் என்பதாலேயே எந்த நிலத்திலும் மகசூல் இரட்டிப்பாவதில்லை. நான் இருப்பது வில்லிவாக்கம். எங்கள் குடும்பக் கரும்பு நிற்பது திருத்தணிக்கு அருகில். அரக்கோணம் வழியாகப் போகும் மின்சார ரயிலில் ஏறி இறங்கி, இரண்டு வகைப் பாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வருகிறேன். அதனால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு தெளிந்தால் நாற்றங்கால்காரரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிந்துவிடும்.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மூன்றடி இடைவெளியில் பார் பிடித்தால் ஏக்கரில் மொத்தம் 14,520 அடி நீளத்துக்குப் பயிர் வரிசை கிடைக்கும். ஐந்தடியில் பிடித்தால் 8,712 அடிதான். நாற்பது டன் என்பது, சராசரியாக ஒரு கிலோ எடையுள்ள நாற்பதாயிரம் கரும்பு. அந்த நாற்பதாயிரத்தையும் மூன்றடிப் பாரில் எடுக்க அடிக்கு மூன்று கரும்புகூடத் தேவையில்லை. ஐந்தடிப் பாரிலோ அடிக்கு நாலரைக்கு மேல் நிற்க வேண்டும். இரண்டடிக்கு ஒரு நாற்று என்றால் ஏக்கருக்கு 4,356 நாற்று வருகிறது. ஆகவே ஒரு நாற்று கிளைத்து உண்டாகும் ஒவ்வொரு தூரிலும் ஒன்பதுக்குக் குறையாமல் வெட்டுக்கு நிற்கும் கரும்பு இருந்தால்தான் உங்கள் பழைய நாற்பது டன்னே திரும்பக் கிடைக்கும்.

அவர் சொன்ன எழுபது டன்னுக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். ஒரு நாற்றும் சாகாமல், தூருக்குப் பதினொரு கரும்பு, ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ எடை. இது நடக்கவே முடியாத காரியமன்று. தண்ணீரும் உரமும் ஆளும் ஒரு நாளும் தவறாத வயலில் இதை எட்டியவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பதினொரு கரும்பைத் தருவது பாரின் அகலம் அல்ல. நட்ட நாளிலிருந்து நான்கு மாதம் அந்த வயலுக்குக் கிடைத்த கவனிப்பு.

7 ஜனவரி 2025, இரவு

காலையில் எழுதியதில் கணக்கு மட்டும்தான் இருந்தது. பயிர் தானாக என்ன செய்கிறது என்பதையும் சொன்னால்தான் உங்கள் கேள்விக்கு முழு விடை வரும்.

கரும்பு தன்னைச் சுற்றி இருக்கும் இடத்தை அளந்து வளரும் பயிர். அடிப்பகுதியில் வெளிச்சம் படும் வரை பக்கத் தூர்கள் (அடியிலிருந்து கிளைக்கும் புதுக் குருத்துகள்) வெடித்துக்கொண்டே இருக்கும். தோகைகள் ஒன்றோடொன்று கூடிப் பார்களுக்கு இடையில் நிழல் விழுந்தவுடன் புதுத் தூர் வெடிப்பது நிற்கும். பிந்தி வந்த தூர்கள் நிழலில் நலிந்து சாகத் தொடங்கும். நட்ட மூன்று, நான்கு மாதத்தில் உச்சத்தில் இருக்கும் தூர்களில் பாதியளவு ஆறாம் மாதத்துக்குள் மடிந்துவிடுவது சாதாரணம். நெருக்கி நட்டால் முளைப்பும் அதிகம், சாவும் அதிகம். அகல நட்டால் முளைப்பு குறைவு, பிழைப்பது அதிகம், தண்டும் பருக்கும். இந்த ஈடுகட்டும் குணத்தினால்தான் மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று எப்படி நட்டாலும், மற்றவை எல்லாம் சரியாக இருக்கும்போது, டன் கணக்கு பெரும்பாலும் ஒன்றுக்கொன்று நெருங்கியே வந்து நிற்கிறது.

ஆஸ்திரேலியாவில் நாற்றங்கால்காரர் சொல்வதற்கு நேர்மாறான எதிர்பார்ப்பு 1990களில் எழுந்தது. அரை மீட்டர் இடைவெளியில் மிக நெருக்கமாக நட்டால் மகசூல் பெருமளவு ஏறும் என்று நம்பிச் சோதித்தார்கள். பின்னர் கார்சைடு, பெல் முதலிய ஆய்வாளர்கள் பல இடங்களில் பல பருவங்கள் நட்டுப் பார்த்தபோது, நெருக்கத்தில் கரும்பின் எண்ணிக்கை கூடியது. ஒவ்வொரு கரும்பின் எடை குறைந்தது. அறுவடையில் கிடைத்த டன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. நெருக்கினால் கூடும் என்பவருக்கும் அகட்டினால் கூடும் என்பவருக்கும் இந்த முடிவு ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறது.

10 ஜனவரி 2025

"அப்படியென்றால் இத்தனை ஆண்டுகளாக அரசும் ஆலைகளும் அகலப் பாரைப் பரப்புவது ஏன்?" என்று இங்கு ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இடைவெளி மாறும்போது டன்னைவிட அதிகமாக மாறுவது செலவும் வேலையும் என்பதுதான் காரணம்.

விதையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் வழக்கமான பரிந்துரை எக்டருக்கு 75,000 இருபருக் கரணை. ஏக்கருக்கு முப்பதாயிரம் கரணை என்று வைத்தாலே மூன்று, நான்கு டன் கரும்பு விதைக்காக மண்ணுக்குள் போகிறது. ஆலைக்கு அனுப்பினால் காசாகும் கரும்பு அது. பருவை மட்டும் சீவி எடுத்துக் குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி நாற்றாக வளர்த்தால், மீதித் தண்டு முழுவதும் அரவைக்கே போய்விடும். 2009-இல் இக்ரிசாட் என்னும் பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனமும் உலக இயற்கை நிதியமும் சேர்ந்து கையேடாக வெளியிட்ட நீடித்த நவீன கரும்பு சாகுபடி முறையின் அடிப்படை இதுதான்: ஒருபரு நாற்று, 25 முதல் 35 நாள் வயதில் நடவு, ஐந்தடிப் பார், ஊடுபயிர், அளவான நீர். ஏக்கருக்கு ஐயாயிரம் நாற்று என்று அவர்கள் சொல்வதில், என் கணக்குப்படி நட்டது போக மீதமிருக்கும் அறுநூற்றுச் சொச்சம் நாற்று, போக்கிடம் (பயிர் செத்து வெறுமையான இடம்) நிரப்புவதற்கு. அந்த மீதியை விற்கவோ பக்கத்து வயலுக்குக் கொடுக்கவோ செய்யாதீர்கள். ஒன்றரை மாதம் வரை ஓரத்தில் நிழலில் வைத்திருங்கள்.

சொட்டுநீர்க் குழாயும் அப்படியே. குழாய் பார் நீளத்துக்குத்தான் ஓடும். 14,520 அடி வேண்டிய இடத்தில் 8,712 அடி போதும், அதாவது ஐந்தில் மூன்று பங்கு. சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனத்துக்கு நூறு விழுக்காடு மானியமும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் கிடைக்கிறது. ஆனாலும் குழாயை மாற்றுவதும் அடைப்பு நீக்குவதும் எலி கடித்த இடத்தை ஒட்டுவதும் நம் தலையில்தானே விழும்? குழாய் குறைந்தால் அந்த வேலையும் குறையும்.

11 ஜனவரி 2025

ஆள் கணக்கை நேற்று விட்டுவிட்டேன்; உண்மையில் அதுதான் முதலில் வந்திருக்க வேண்டியது. மூன்றடிப் பாரில் ஆறாம் மாதத்துக்குப் பிறகு ஒரு மனிதர் உள்ளே நுழைவதே பாடு. காய்ந்த தோகையான சோகை முகத்தையும் கையையும் அறுக்கும். சோகை உரிக்க வந்த பெண்கள் மறுநாள் வரத் தயங்குவார்கள். ஐந்தடிப் பாரில் நிமிர்ந்து நடக்கலாம், பவர் டில்லர் ஓட்டி மண் அணைக்கலாம், புழுக்களின் முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரம்மா குளவியின் முட்டை அட்டையைக் கட்டும் வேலையை ஒரே ஆள் முடித்துவிடலாம். வேலை எளிதாக இருக்கும் வயலில் வேலை உரிய நாளில் நடக்கிறது. அகலப் பார் வயல்களில் மகசூல் கூடுவதாகச் சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்த வழியாகத்தான் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

13 ஜனவரி 2025

இன்று கோயம்பேட்டில் பொங்கல் கரும்பு லாரி லாரியாக இறங்கியிருந்தது. அங்கே நின்றுகொண்டிருந்தபோது இந்த உரையாடலில் விடுபட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. செங்கரும்பு எடைக்கு விற்பதில்லை, கட்டுக் கணக்கில் விற்கிறது. நேரான, பருத்த, கணு நீண்ட தண்டுக்குத்தான் விலை. அந்த வகை அதிகம் தூர் கட்டுவதில்லை. அதனிடம் போய்த் தூருக்குப் பதினொரு கரும்பு கேட்டால் கிடைக்காது. ஆகவே இடைவெளியைப் பற்றிய எந்தப் பேச்சும் இரகத்தைச் சொல்லாமல் நிறைவடையாது.

பழைய பருத்த கரும்பு இனத்தில் சர்க்கரை உண்டு, தூர் குறைவு. நாணல்போல் மெலிந்த காட்டுக் கரும்பில் சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் தூர் வெடிக்கும் வேகமும் நோய் தாங்கும் வலிமையும் உண்டு. 1912-இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் இந்த இரண்டையும் இணைத்துத்தான் கோ 205 என்னும் இரகத்தை உருவாக்கினார்கள். அதன் தாய் 'வெள்ளை' என்னும் நம் நாட்டுப் பருத்த கரும்பு. 1918-இல் அது வெளிவந்தது. இன்று நாம் நடும் ஆலைக் கரும்பு எல்லாவற்றிலும் அந்தக் காட்டுக் கரும்பின் தூர் கட்டும் குணம் ஓரளவு இருக்கிறது. அந்த அளவு இரகத்துக்கு இரகம் மாறும். தமிழ்நாட்டில் பரவலாக நிற்கும் கோ 86032, அகலப் பாரில் நன்றாகத் தூர் கட்டும், மறுதாம்பிலும் (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் வளரும் பயிரிலும்) கைகொடுக்கும். உங்கள் நாற்று எந்த இரகம் என்று கேட்டீர்களா?

2 பிப்ரவரி 2025

நாற்று கோ 86032 என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார், நல்லது. ஒரு ஏக்கரில் ஐந்தடி, இன்னொரு ஏக்கரில் நாலடி என்று பிரித்து நடப் போவதாகவும் சொல்கிறார். அது அதைவிட நல்லது. இரண்டு பாதிக்கும் ஒரே கிணறு, ஒரே உரம், ஒரே நாற்று, ஒரே நாள் நடவு என்று வைத்தால்தான் ஒப்பிட முடியும். ஐந்தடிப் பாதிக்கு மட்டும் சொட்டுநீர் போட்டுவிட்டு, நாலடிப் பாதிக்கு வாய்க்கால் பாய்ச்சிவிட்டு, கடைசியில் ஐந்தடி வென்றது என்று அறிவிப்பதைப் பல வயல்களில் பார்த்திருக்கிறேன். அங்கே வென்றது சொட்டுநீர்.

குழி நடவு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஐந்தடிக்கு ஐந்தடியில் வட்டக் குழி எடுத்து, தொழுவுரம் இட்டு, குழிக்குள் கரணைகளைச் சுற்றிவர வைக்கும் முறை அது. அதன் தத்துவம் ஐந்தடிப் பாருக்கு நேர் எதிரானது. ஒருபரு நாற்றில் ஒரு பருவிலிருந்து பல தூரை எதிர்பார்க்கிறோம். குழியில் பல கரணை வைத்துத் தாய்க் குருத்துகளையே கரும்பாக்கி, பக்கத் தூரை அடக்கி வைக்கிறோம். தாய்க் குருத்து முந்தி முளைப்பதால் பருத்து எடை கூடும், ஒரே சீராக முற்றும். மண் கெட்டியான, உவர் தட்டிய நிலத்தில் குழியளவு மண்ணை மட்டும் திருத்தினால் போதும் என்பது இதன் பெரிய வசதி. குழி எடுக்கும் கூலிதான் இதை வீழ்த்துகிறது. மணல் கலந்த செம்மண்ணில் உங்களுக்கு இது தேவையே இல்லை.

3 பிப்ரவரி 2025

"எப்படி நட்டாலும் ஒன்றே" என்று நான் சொல்லிவிட்டதாகச் சிலர் பொருள்கொண்டிருப்பதால் ஒரு வரம்பு வைக்கிறேன். பயிருக்கு ஈடுகட்ட அவகாசம் கிடைக்கும்போது மட்டுமே அந்தக் கூற்று செல்லும். டிசம்பர், ஜனவரி முன்பட்டத்தில் நட்டுப் பன்னிரண்டு மாதம் நிறுத்தினால், அகலப் பாரில் தோகை கூடத் தாமதமான முதல் நான்கு மாத இழப்பைப் பயிர் பின்னால் மீட்டுக்கொள்ளும். ஏப்ரல், மே பின்பட்டத்தில் நட்டுப் பத்தாம் மாதமே வெட்ட வேண்டியிருந்தால் மீட்க நாள் இராது. உத்தரப் பிரதேசத்தில் கோதுமை அறுத்த பிறகு பிந்தி நடுகிறவர்கள் இரண்டு, இரண்டரை அடிக்கு நெருக்குவது இதனால்தான். உவர் நிலம், தண்ணீர் இழுபறி, தூர் கட்டாத இரகம் ஆகியவற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும். அங்கெல்லாம் அகலப் பார் போட்டால் அகலம் அகலமாகவே கிடக்கும்.

அகலப் பாரை விடவும் மனமில்லை, பட்டமும் பிந்திவிட்டது என்றால் இரட்டை வரிசை இருக்கிறது. ஐந்தடிக்கு ஒரு சொட்டுநீர்க் குழாய், அதன் இருபுறமும் ஒன்று, ஒன்றரை அடி தள்ளி இரண்டு வரிசைப் பயிர். நடந்து போகும் வழியும் மிஞ்சும், பயிர் எண்ணிக்கையும் குறையாது.

9 மார்ச் 2025

நடவு முடிந்து மூன்று வாரம் ஆனவர்கள் இன்றே வயலுக்குள் இறங்கிப் போக்கிடம் பாருங்கள். மூன்றடிப் பாரில் முப்பதாயிரம் கரணை இருக்கும் வயலில் ஆயிரம் முளைக்காவிட்டாலும் பக்கத்துப் பயிர் மூடிவிடும். இரண்டடிக்கு ஒன்றாக நிற்கும் நாற்றில் ஒன்று செத்தால் நாலடி வெற்றிடம். அதைப் பக்கத்துத் தூர் எட்டாது. ஐந்தடிப் பாரில் நட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களின் வயல்களில் நான் பார்த்த குறை பெரும்பாலும் இது ஒன்றுதான். முப்பது நாளுக்குள் நிரப்பினால் புதுப் பயிரும் பழையதோடு சேர்ந்து வரும். இரண்டு மாதம் கழித்து நிரப்பினால் அது நிழலில் நின்று சாகும். நாற்றுக்காசும் கூலியும் போனதுதான் மிச்சம்.

10 மார்ச் 2025

தாய்க் குருத்தை நறுக்குவது பற்றி. இரண்டு பக்கத் தூர் வந்ததும் நடுக் குருத்தை மண்ணுக்கு ஓர் அங்குலம் மேலே வெட்டிவிட்டால் மற்றத் தூர்கள் ஒரே வேகத்தில் எழும் என்பது முறை. நல்ல தண்ணீர் வசதி உள்ள வயலில் அது பலிப்பதைப் பார்த்திருக்கிறேன். கிணறு மார்ச் கடைசியிலேயே இறங்கிவிடும் வயலில் இதைச் செய்ய நான் உடன்பட மாட்டேன். வலுவாக நிற்கும் ஒரே குருத்தையும் வெட்டிவிட்டு வெயிலில் தவிக்கும் பயிரிடம் புதிதாகத் தூர் கேட்பது சரியல்ல. உங்கள் நீர்மட்டத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

20 ஏப்ரல் 2025

ஐந்தடிப் பாரில் தூர்கள் செத்துக்கொண்டே போகின்றன, இடைவெளி அதிகமானதால்தானா என்று கேள்வி கேட்டவர் கவலையோடு எழுதியிருக்கிறார். அந்தக் கவலையைத் தீர்க்க வயலுக்குள் ஒரு நிமிடம் போதும். காய்ந்த நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் உருவிக்கொண்டு வந்து, அடிமுனை அழுகிக் கெட்ட வாடை வீசினால் அது இளங்குருத்துப்புழு. தண்டின் அடியில் மண்மட்டத்தை ஒட்டிச் சிறு துளையும் தெரியும். இழுத்தும் வராமல், கீழிலை முதல் மேலாகக் காய்ந்து, வாடையின்றி மெலிந்து கிடந்தால் அது நிழலில் நலிந்த தூர். முதலாவதற்கு மருத்துவம் உண்டு, இரண்டாவது இயற்கை.

உங்கள் வயலில் நான்காம் மாதம்கூட ஆகவில்லை, ஐந்தடியில் இன்னும் நிழலே விழுந்திருக்காது. ஆகவே பெரும்பாலும் புழுவாகத்தான் இருக்கும். கோடையில் தரை சூடேறும்போது இளங்குருத்துப்புழு பெருகும். பாரின் இடைவெளி திறந்து கிடக்கும் வயலில் தரைச்சூடு இன்னும் கூடுதல். சோகை மூடாக்கு போட்டு, நீரைக் குறுகிய இடைவெளியில் விட்டு, இலேசாக மண் அணைத்தாலே தாக்குதல் தணியும். ஊடுபயிராக உளுந்தோ தக்கைப்பூண்டோ விதைத்திருந்தால் அந்த வெற்றிடம் மூடியிருக்கும், களையும் அடங்கியிருக்கும். ஐந்தடிப் பார் விரும்புகிறவர்கள் ஊடுபயிரை விருப்பப்பட்டால் செய்யும் வேலையாக நினைக்கக் கூடாது. வெளிச்சம் விழும் தரை சும்மா இருப்பதில்லை. நாம் விதைக்காவிட்டால் கோரை விதைத்துக்கொள்ளும்.

4 மே 2025

2025-26 அரவைப் பருவத்துக்கு ஒன்றிய அரசு விலை அறிவித்திருக்கிறது. 10.25 விழுக்காடு சர்க்கரைக் கட்டுமானத்துக்கு (நூறு கிலோ கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவு) குவிண்டாலுக்கு 355 ரூபாய், 9.5 விழுக்காடும் அதற்குக் கீழும் உள்ள ஆலைகளுக்கு 329 ரூபாய் 5 காசு, அதாவது டன்னுக்கு 3,290 ரூபாய் 50 காசு. இதற்கும் இடைவெளிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பிந்தி வெடித்த தூர்கள் வெட்டும் நாளில் முற்றியிருக்காது. எடை காட்டும், சர்க்கரை காட்டாது. அகலப் பாரில் வெளிச்சம் நெடுநாள் கிடைப்பதால் இப்படிப்பட்ட இளந்தண்டுகள் அதிகம். நான்காம் மாதத்துக்குள் நன்றாக மண் அணைத்து அடித்தூரை மூடிவிட்டால் புது வெடிப்பு நின்றுவிடும்.

கட்டுமானம் ஆலையின் மொத்த அரவைக்குக் கணக்கிடப்படுகிறது. தனி விவசாயியின் கரும்புக்கு அல்ல. நீங்கள் ஒருவர் கவனமாக முற்றவைத்து அனுப்பினாலும் விலை எல்லோருக்கும் ஒன்றுதான். அதனாலேயே பலர் எடையை மட்டும் பார்க்கிறார்கள். ஓர் ஆலைப் பகுதி முழுவதும் மண் அணைப்பை உரிய நாளில் செய்தால் அத்தனை பேருக்கும் விலை ஏறும் என்பதை ஊர்க்கூட்டங்களில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு மெய்யாகவே ஆசை.

15 ஜூன் 2025

மண் அணைப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது காற்று. சென்ற ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மழை கொட்டித் தீர்த்தது; நம் பக்கமும் நனைந்தது. மூன்றடிப் பாரில் கரும்புகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். ஐந்தடிப் பாரில் தூர் தனித்து நிற்பதால் நாலாபுறமும் விரிந்து சாயும். ஆழச் சாலில் நட்டு இருபுறத்து மண்ணையும் அணைத்து உயர்ந்த பாராக்கியிருந்தால் வேர்ப்பிடிப்பு தாங்கும். இல்லாவிட்டால் எட்டாம் மாதத்தில் பக்கத்துத் தூர்களைச் சேர்த்து விட்டம் கட்டியே தீர வேண்டும்; அகலப் பாரில் மிச்சமான கூலியில் ஒரு பங்கு அங்கே போய்விடும். வடகிழக்குப் பருவமழையில் கரும்பு நின்றாக வேண்டிய நம் மாவட்டங்களில் இதைச் சொல்லாமல் ஐந்தடிப் பாரைப் பரிந்துரைப்பது குறையான பரிந்துரை.

16 ஜூன் 2025

"அப்படியானால் நாலடியே போதுமே?" என்கிறார் ஒருவர். கையால் வெட்டும் வரை நாலடி மிக நல்ல அளவு. எங்கள் வயலில் நான் அதிகம் விரும்பியதும் அதுதான். அறுவடை இயந்திரம் வரப் போகிறதென்றால் கதை மாறும். இயந்திரத்தின் சக்கரம் பாருக்கு நடுவில் ஓட வேண்டும். நாலடியில் அது தூரின் தோளில் ஏறி மிதிக்கும். மிதிபட்ட தூரிலிருந்து மறுதாம்பு சீராக முளைக்காது, மண்ணும் இறுகிவிடும். ஆஸ்திரேலியாவில் ஒன்றரை மீட்டர் பாரிலேயே இந்தச் சிக்கல் வந்தது. அவர்களுடைய இயந்திரத்தின் இருபுறச் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 1.8 மீட்டருக்கு மேல் இருந்ததால், ஆண்டுக்கு ஆண்டு தூரோரத்து மண் இறுகி மகசூல் சரிந்தது. பாரின் அகலத்தை அந்தச் சக்கர இடைவெளிக்குப் பொருத்துவதையும், ஒரு பருவம் பயறுவகை விதைத்து நிலத்துக்கு ஓய்வு தருவதையும் அவர்கள் தீர்வாக வைத்தார்கள். ஆகவே உங்கள் ஆலை எந்த அளவு இயந்திரத்தை அனுப்புகிறது என்பதை நடவுக்கு முன்பே கரும்பு அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நட்ட பின்பு பாரை நகர்த்த முடியாது.

21 செப்டம்பர் 2025

கேள்வி கேட்டவர் இரண்டு பாதியிலும் எண்ணிப் பார்க்க வழி கேட்டிருக்கிறார். வரப்போரத்தை விட்டு உள்ளே போய், ஐந்தாறு இடங்களில் பாரின் மேல் இருபது அடி நீளம் கயிறு பிடித்து, அதற்குள் வெட்டுக்கு நிற்கும் கரும்பை மட்டும் எண்ணுங்கள். மெலிந்த குருத்தையும் செத்த தூரையும் சேர்க்க வேண்டாம். நன்றாக வந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆகவே கயிற்றைக் கண்ணால் பார்த்து வைக்காமல், ஒவ்வொரு பாரிலும் குறிப்பிட்ட எண்ணிக்கைக் காலடி நடந்து வையுங்கள். போக்கிடம் வந்தால் அதையும் விடாமல் அளவுக்குள் சேர்க்க வேண்டும். சராசரியை இருபதால் வகுத்து, ஐந்தடிப் பாதிக்கு 8,712-ஆலும் நாலடிப் பாதிக்கு 10,890-ஆலும் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை கரும்பு என்று வரும். இதே இடங்களில் வெட்டும் நாளில் பத்துக் கரும்பு எடுத்து எடை போட்டுக்கொண்டால் டன் கணக்கும் கையில் இருக்கும்.

28 செப்டம்பர் 2025

எண்ணிக்கை வந்துவிட்டது. நாலடிப் பாதியில் கரும்பு கொஞ்சம் அதிகம், ஐந்தடியில் தண்டு பருமன் அதிகம் என்று எழுதியிருக்கிறார். இரண்டும் நாற்பதுக்கு மேல், ஒன்றுக்கொன்று நெருங்கி வரும் என்றே எனக்குத் தோன்றுகிறது. எழுபதுக்கு எந்தப் பாதியும் போகப் போவதில்லை. ஆனால் பழைய மூன்றடிப் பாருக்கு அவர் மண்ணில் புதைத்த விதைக்கரும்பில் பெரும்பகுதி இந்த முறை மிச்சமானதையும், சோகை உரிக்க ஆள் மறுக்காமல் வந்ததையும் அவரே குறிப்பிட்டிருக்கிறார். கணக்குப் புத்தகத்தில் அந்த இரண்டையும் டன்னுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

மறுதாம்பு விடுவதாக இருந்தால் இப்போதே ஒரு முடிவு எடுக்க வேண்டும். தரையை ஒட்டி வெட்டச் சொல்லி வெட்டாட்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வெட்டிய வாரத்துக்குள் கட்டை சீவி, பாரின் தோளை உடைத்துவிட்டு, மறுதாம்புக்குக் கூடுதலாகச் சொல்லப்படும் கால் பங்குத் தழைச்சத்தை அப்போதே இடுங்கள். சோகையைக் கொளுத்தாமல் இரண்டு பாருக்கு ஒரு சாலில் ஒதுக்குங்கள். ஐந்தடிப் பாதியில் போக்கிடம் நிரப்ப ஏக்கருக்கு ஐந்நூறு நாற்றாவது தேவைப்படும். பருவைச் சீவி நாற்றாக்க ஒரு மாதம் ஆகும் என்பதால், வெட்டு உத்தரவு வருவதற்கு முன்பே நாற்றங்கால்காரரிடம் கோ 86032 என்று இரகத்தைச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.